தொடங்கிய பழக்கம் நின்றுபோகிறதா? அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழி

திருகோணமலையில் படகு இஞ்சின் திருத்துவது என் தொழில். ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஒருவர் இஞ்சினைத் தூக்கிக்கொண்டு வந்தால், எண்ணெய் வருகிறதா என்று முதலில் பார்ப்பேன். பிறகு பிளக்கைக் கழற்றிப் பொறி வருகிறதா என்று பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் காபரேட்டரில் கை வைப்பேன். செலவில்லாத சோதனை முதலில், செலவு வைக்கும் சோதனை கடைசியில். இஞ்சினுக்கு மனவுறுதி போதாது என்று இதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

அதே மனிதர்கள்தான் வேலை முடியும்வரை வாங்கில் உட்கார்ந்து சொல்வார்கள்: "விடிய எழும்பி நடக்கத் தொடங்கினேன் அண்ணா, நாலு நாளில் விட்டுப்போச்சு. எனக்கு மனவுறுதி காணாது." எந்தச் சோதனையும் இல்லாமல் நேரே தீர்ப்பு! நானும் அப்படித்தான் இருந்தேன். ஒவ்வொரு நாளும் வரவு செலவு எழுத வேண்டும் என்று பல வருடம் நினைத்தேன், எழுதவில்லை, என்னையே நொந்துகொண்டேன். ஒருநாள் இஞ்சினைப் பார்ப்பது போல அதையும் ஒழுங்காகப் பார்த்தேன். கணக்குக் கொப்பி வீட்டு அலுமாரியில் இருந்தது. காசு கைமாறுவதோ பட்டறையில். இரவு வீட்டுக்குப் போய் நினைவுபடுத்தி எழுத வேண்டும் என்பதுதான் கோளாறு. கொப்பியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து மேசை விளிம்பில் கட்டினேன், பேனையை நூலில் தொங்கவிட்டேன். அன்றிலிருந்து கணக்கு எழுதப்படுகிறது.

கீழே உள்ளதை முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டியதில்லை. உங்கள் அறிகுறி எதுவோ அங்கே போங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிளக்கை மாற்றி, எண்ணெயை மாற்றி, காபரேட்டரையும் கழுவினால் இஞ்சின் ஓடும்தான். எது பிழை என்று தெரியாமல் போய்விடும், அடுத்த முறையும் மூன்றையும் மாற்ற வேண்டி வரும். மாற்றியதை ஒரு கிழமையாவது ஓடவிட்டுப் பாருங்கள்.

அறிகுறி: ஆசை இருக்கிறது, ஆனால் ஒரு நாள்கூடத் தொடங்கவில்லை

முதலில் பார்க்க வேண்டியது, எப்போது, எங்கே என்று முடிவு செய்திருக்கிறீர்களா என்பது. "நேரம் கிடைக்கும்போது வாசிப்பேன்" என்பதில் நேரமும் இல்லை, இடமும் இல்லை. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999 இல் எழுதிய ஒரு கட்டுரை இதைப் பற்றியதுதான். இன்னது நடந்தவுடன் இன்னதைச் செய்வேன் என்று முன்கூட்டியே தீர்மானித்து வைப்பவர்கள், வெறும் விருப்பத்தோடு நிற்பவர்களைவிடச் சொன்னதைக் கூடுதலாகச் செய்கிறார்கள் என்று அவர் காட்டினார்.

அலாரத்தைவிட, ஏற்கெனவே நடக்கிற ஒரு காரியத்தில் பழக்கத்தைக் கொளுவி விடுவது நல்லது. அலாரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் படுக்கலாம். ஆனால் காலைத் தேத்தண்ணிக்குக் கேத்தலை அடுப்பில் வைக்காமல் எந்த வீடும் விடிவதில்லை. தண்ணீர் கொதிக்க எடுக்கும் அந்த நாலைந்து நிமிடம் யாருக்கும் சொந்தமில்லாத நேரம். அதில் முதுகை வளைத்து நிமிர்த்தலாம், ஐந்து சிங்களச் சொல் பார்க்கலாம். எங்கள் ஊரில் இப்படிக் கொளுவ இடங்கள் நிறைய உண்டு. விடியத் தொழுகைக்கான சுபஹு பாங்கு, கோயில் மணி, பாண்கார ஓட்டோவின் பாட்டு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்ப் படலை சாத்தும் சத்தம். ஒன்றைப் பிடியுங்கள்.

அது சரியாக இருந்தும் தொடங்கவில்லையா? அளவைப் பாருங்கள். இங்கே பல படகுகளில் மண்ணெண்ணெய் இஞ்சின்தான். குளிர்ந்த இஞ்சின் மண்ணெண்ணெயில் பிடிக்காது. கொஞ்சம் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அந்தக் கொஞ்சப் பெற்றோல் தூரம் போவதற்கில்லை, பிடிக்க வைப்பதற்கு. ஒரு பக்கம் வாசிப்பது, படலைவரை நடப்பது, உண்டியலில் ஒரு தாள் போடுவது, எல்லாம் அந்தப் பெற்றோல். "ஒரு பக்கம் வாசித்து என்ன கிடைக்கும்?" என்று கேட்பவர்களுக்கு என் பதில், இப்போதைக்குப் பக்கம் முக்கியமில்லை, புத்தகம் கையில் திறப்பதுதான் முக்கியம்.

மூன்றாவது சோதனை தூரம். என் கொப்பிக் கதைதான். செருப்பு கட்டிலுக்குக் கீழே, புத்தகம் மேல் தட்டில், தண்ணீர்ப் போத்தல் குசினியில் என்றால் ஒவ்வொன்றும் ஒரு தடை. முதல்நாள் இரவே கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

அறிகுறி: மூன்று நாலு நாள் நன்றாக ஓடுகிறது, பிறகு நின்றுவிடுகிறது

பெரும்பாலும் சுமை கூடிப்போனதுதான் காரணம். எங்கள் ஒழுங்கையில் ஒரு தம்பி, ஓடிப் பழகுவேன் என்று புதுச் சப்பாத்து வாங்கினான். முதல் நாளே உப்புவெளியிலிருந்து டச்சுக்குடாவரை ஓடினான். இரண்டாம் நாளும் ஓடினான். மூன்றாம் நாள் கால் வீங்கியது. ஐந்தாம் நாள் அவனைக் காணவில்லை. உற்சாகம் உச்சத்தில் இருக்கும் நாளில் அளவைத் தீர்மானித்தால் இப்படித்தான் ஆகும்.

அளவை உங்கள் மிக மோசமான நாளைக்கு ஏற்றபடி வையுங்கள். தலையிடி, இரவு தூக்கமில்லை, வீட்டுக்கு விருந்தாளி. அப்படியான ஒரு நாளில் எவ்வளவு செய்ய முடியுமோ அதுதான் உங்கள் அளவு. நல்ல நாளில் கூடச் செய்யுங்கள், தடையில்லை. ஆனால் கணக்கில் வைப்பது அந்தச் சின்ன அளவைத்தான். தம்பிக்கு நான் சொன்னது, சப்பாத்தைக் கட்டிக்கொண்டு முச்சந்திவரை போய் வா, அவ்வளவும் போதும். அவன் முகம் சுருங்கியது. ஆனாலும் செய்தான். இப்போது பின்னேரங்களில் டச்சுக்குடா மணலில் அவனைப் பார்க்கலாம்.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணம், நாலைந்து பழக்கத்தை ஒரே நாளில் தொடங்குவது. தைப்பொங்கலன்றும் சித்திரை வருடப்பிறப்பன்றும் நாங்கள் எல்லோரும் செய்வது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கடதாசியில் எழுதி ஒருபக்கம் வையுங்கள்.

அறிகுறி: ஒரு நாள் தவறியது, அதோடு எல்லாம் போனது

இதுதான் நான் அதிகம் கேட்கும் முறைப்பாடு. இதில்தான் மனிதர்கள் தங்களைத் தேவையில்லாமல் நோகடித்துக்கொள்கிறார்கள் என்றும் நினைக்கிறேன்.

21 நாள் விடாமல் செய்தால் பழக்கம் ஆகிவிடும் என்று பலரும் சொல்வார்கள். அந்த எண் மக்ஸ்வெல் மோல்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை மருத்துவரிடமிருந்து வந்தது. முகம் மாறிய நோயாளிகளுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளளவில் ஆகிறது என்று 1960 இல் அவர் எழுதினார். நடைப்பயிற்சியைப் பற்றியோ வாசிப்பைப் பற்றியோ அவர் சொன்ன கணக்கல்ல அது. "குறைந்தது" என்ற சொல்லும் வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரை 84 நாள் பின்தொடர்ந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு சின்னப் பழக்கத்தைத் தெரிவு செய்துகொண்டார்கள். சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பது, பழம் சாப்பிடுவது, கொஞ்சம் உடற்பயிற்சி இப்படி. யோசிக்காமலே செய்யும் நிலை வர நடுவளவாக 66 நாள் ஆனது. ஆனால் ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம், 18 நாளிலிருந்து 254 நாள்வரை. உடற்பயிற்சிக்குத் தண்ணீர் குடிப்பதைவிடக் கூடுதல் காலம் பிடித்தது. இடையில் ஒருநாள் தவறியது பழக்கம் உருவாவதை அவ்வளவாகப் பாதிக்கவில்லை. ஒருநாள் விட்டுவிட்டதற்காக எல்லாவற்றையும் கைவிட நினைக்கும் ஒவ்வொருவரிடமும் இந்தக் கடைசி வசனத்தைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.

செய்ய வேண்டியது இரண்டு. தவறியதற்கு அடுத்த நாள், உங்கள் மிகச் சின்ன அளவை எப்படியாவது செய்யுங்கள், ஒரு நிமிடமானாலும் சரி. முதல் நாள் விடுபடுவதைவிட இரண்டாம் நாளைத்தான் நான் கவனிப்பேன். இரண்டாவது, விட்டதைச் சேர்த்து இரட்டிப்பாகச் செய்யாதீர்கள். நேற்றைய கடனையும் இன்று கட்ட வேண்டும் என்று வைத்தால், மூன்று நாள் தவறும்போது கடன் பெரிதாகி அந்தப் பக்கமே போக மனம் வராது.

தொடர்ந்து எத்தனை நாள் என்று எண்ணிக் காட்டி, ஒருநாள் விட்டால் பூச்சியத்துக்குத் திருப்பிவிடும் போன் செயலிகள் உண்டு. அதை நான் விரும்புவதில்லை. சுவர்க் கலண்டரில் செய்த நாளுக்கு ஒரு புள்ளி போட்டு, மாதக் கடைசியில் கூட்டுங்கள். முப்பதில் இருபத்திரண்டு என்றால் இருபத்திரண்டு நாள் உங்களுடையது. அதை யாரும் அழிக்க முடியாது.

அறிகுறி: வாடைக் காற்று தொடங்கியதும் பழக்கம் போய்விடுகிறது

கிழக்குக் கரையில் இருப்பவர்களுக்கு இது தனியாக எழுத வேண்டிய கோளாறு. ஐப்பசி பிறந்து நவம்பர் வந்தால் மழை. தைவரை கடல் கொந்தளிப்பு. திருக்கடலூர்ப் பக்கம் படகுகள் மேலே இழுக்கப்பட்டுக் கிடக்கும். மேற்குக் கரையிலிருந்து பருவத்துக்கு வந்து தங்கித் தொழில் செய்தவர்களும் அதற்கு முன்னரே தங்கள் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். சித்திரையிலிருந்து புரட்டாதிவரை ஓடிய நாள் ஒழுங்கு வேறு, இந்த மாதங்களின் ஒழுங்கு வேறு. எழும்பும் நேரம் மாறும், சாப்பாட்டு நேரம் மாறும், கையில் காசும் குறையும். பழக்கம் கொளுவியிருந்த ஆணியே பிடுங்கப்பட்டால் பழக்கம் கீழே விழாமல் என்ன செய்யும்? நீங்கள் சோம்பேறியாகிவிட்டீர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை.

ஒரே பழக்கத்துக்கு இரண்டு வடிவம் வைத்துக்கொள்ளுங்கள், கச்சான் காற்றுக் காலத்துக்கு ஒன்று, வாடைக்கு ஒன்று. விடிய கோட்டை வாசலால் போய் மான்கள் மேயும் வழியாகக் கோணேசர் கோயில்வரை ஏறி இறங்குவது உங்கள் நடை என்றால், மழைக்கால வடிவம் விறாந்தையில் இருபது தரம் நடப்பது, அல்லது கதிரையில் இருந்து எழும்பிப் பத்துத் தரம். அது நடைக்கு ஈடாகாது என்று எனக்கும் தெரியும். ஆனால் தை கழிந்து வானம் வெளிக்கும்போது, புதிதாகத் தொடங்க வேண்டியிருக்காது. உண்டியலும் அப்படித்தான். தொழில் உள்ள மாதத்தில் நாளுக்கு நூறு ரூபாய், தொழில் இல்லாத மாதத்தில் பத்து ரூபாய். பூச்சியம் மட்டும் ஆகக் கூடாது.

இரண்டு வடிவத்தையும் நவம்பருக்கு முன்னரே தீர்மானியுங்கள். மழைக்குள் நின்று யோசித்தால் "மழை விடட்டும்" என்றுதான் மனம் சொல்லும்.

நோன்பு மாதம், கோயில் திருவிழா, பிள்ளையின் ஓ.எல். பரீட்சை, எல்லாவற்றுக்கும் இதே முறைதான். கிண்ணியாவிலிருந்து வரும் ஒரு நானா சுபஹுக்குப் பிறகு நடப்பவர். நோன்பில் அந்த நேரம் ஒத்துவராது என்று ஒவ்வொரு வருடமும் விட்டுவிட்டு, பெருநாளுக்குப் பிறகு திரும்பத் தொடங்கச் சிரமப்பட்டார். இப்போது நோன்பு மாதத்தில் பின்னேரத் தொழுகையான அஸருக்குப் பிறகு பத்து நிமிடம் மெதுவாக நடக்கிறார். நோன்பு முடிந்து வரும் ஷவ்வால் மாதத்தில் பழைய நேரத்துக்குத் திரும்புகிறார்.

அறிகுறி: ஒழுங்காகச் செய்கிறேன், ஆனால் ஒரு மாற்றமும் தெரியவில்லை

கடலில் ஓடி வந்த இஞ்சினை நன்னீர் நிரப்பிய பீப்பாவில் விட்டுப் பத்து நிமிடம் ஓடவிட வேண்டும். உள்ளே தண்ணீர் ஓடும் வழிகளில் தங்கிய உப்பு அதில் கழுவுப்படும். கழுவிய அன்று இஞ்சினில் எந்த வித்தியாசமும் தெரியாது. கழுவாமல் விட்ட அன்றும் தெரியாது. வருடக்கணக்கில் தண்ணீர் வழி உப்புப் பிடித்து அடைத்து, நடுக்கடலில் இஞ்சின் கொதிக்கும்போதுதான் தெரியும். ஒரே வருடம் வாங்கிய இரண்டு இஞ்சின்களை நான் பக்கத்தில் பக்கத்தில் பிரித்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றின் உள்வழி சுத்தம். மற்றதில் வெள்ளையாகக் கல்லுப் போல உப்பு. அந்த ஒரு காட்சிதான் சின்னப் பழக்கங்களை நான் நம்பக் காரணம்.

ஆகவே முதல் சோதனை, மாற்றம் தெரிய வேண்டிய காலம் வந்துவிட்டதா என்பது. இரண்டு கிழமையில் கண்ணாடியில் தேடினால் கிடைக்காது.

இரண்டாவது, அளக்கக்கூடிய ஒன்றை அளக்கிறீர்களா? "உடம்பு நல்லா வரவேணும்" என்பதை அளக்க முடியாது. தேத்தண்ணிச் சீனியை அளக்கலாம். ஒரு நாளைக்கு நாலு தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால் எட்டுக் கரண்டி. ஒரு மட்டத் தேக்கரண்டி சுமார் 4 கிராம், ஆகவே 32 கிராம். ஒரு நாளில் சேர்த்துக்கொள்ளும் சீனி சுமார் 25 கிராமுக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015 இல் சொன்னது. வெறும் தேத்தண்ணியிலேயே அதைத் தாண்டிவிடுகிறோம்! நான் இரண்டு கிழமைக்கு ஒருமுறை அரைக் கரண்டி குறைத்தேன். ஒவ்வொரு படியிலும் முதல் மூன்று நாள் சப்பென்று இருக்கும், பிறகு நாக்கு பழகிவிடும். எட்டுக் கிழமையில் சீனி நின்றது. இப்போது யாராவது பழைய அளவில் போட்டுத் தந்தால் குடிக்க முடிவதில்லை. நாக்கு மாறியது எனக்கே பெரிய வியப்பு.

மூன்றாவது, எதிர்பார்ப்பின் கணக்கு. ஒவ்வொரு நாளும் ஒரு சதவீதம் முன்னேறினால் வருடக் கடைசியில் 37 மடங்கு ஆகிவிடுவீர்கள் என்று ஒரு கணக்கு உலவுகிறது. 1.01 ஐ 365 தரம் பெருக்கினால் 37.8 வருவது சரிதான். ஆனால் மனிதர் வங்கி வட்டியைப் போல வளர்வதில்லை. அந்தக் கணக்கை நம்பித் தொடங்குபவர் மூன்றாம் மாதத்தில் ஏமாந்துபோவார். சாதாரணக் கூட்டலே போதும். நாளுக்கு ஐந்து சிங்களச் சொல் என்றால் வருடத்துக்கு 1,825. பாதி மறந்துபோனாலும் தொள்ளாயிரம். சந்தையிலும் கந்தோரிலும் கதைத்துச் சமாளிக்க அது பெரிய முதல்.

அறிகுறி: எனக்கென்று ஐந்து நிமிடம்கூட இல்லை

இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களிடம் அளவைக் குறைக்கச் சொல்வது மட்டும் நியாயமாகாது. நாலரைக்கு எழும்பிச் சமைத்து, ஏழரைப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பி, வேலைக்கும் போய் வரும் ஒரு அக்காவின் நாளில் பழக்கம் நிற்பதற்குக் காரணம் அவர் அல்ல. ஒவ்வொரு நிமிடமும் வேறு யாரோ கூப்பிடுவதுதான் காரணம்.

இங்கே திருத்த வேண்டியது வீட்டின் நாள் ஒழுங்கைத்தான். பின்னேரம் பதினைந்து நிமிடம் அம்மாவைக் கூப்பிடக் கூடாது என்று வீட்டில் எல்லோரும் இருக்கும்போது பேசி முடிவெடுங்கள். அந்த நேரத்தில் தேத்தண்ணி போடுவது யார், சின்னவனைப் பார்ப்பது யார் என்று பெயர் சொல்லித் தீர்மானியுங்கள். கணவன்மாரே, இதை வாசிப்பது நீங்கள் என்றால் அந்தப் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும். எங்கள் வீட்டில் இரவுப் பாத்திரம் கழுவுவது என் பொறுப்பு. அந்த நேரத்தில் மனைவி தையல் பழகினார். இப்போது சட்டை தைத்துக் கொடுக்கிறார்.

அறிகுறி: வேண்டாத பழக்கம் விட மறுக்கிறது

இரவில் போன் பார்ப்பதை எடுத்துக்கொள்வோம். நிறுத்துவேன் என்று சத்தியம் செய்துவிட்டு அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தால் வேலைக்காகாது. சார்ஜரை அடுத்த அறைக்கு மாற்றுங்கள். அலாரத்துக்கு ஒரு சின்ன மணிக்கூடு வாங்குங்கள். கை சும்மா இருந்தால் தேடும், அதனால் அந்த இடத்தில் வேறொன்றை வையுங்கள், புத்தகமோ செபமாலையோ வானொலியோ.

திருத்துமிடம் இதுவல்ல என்பதற்கான அறிகுறிகள்

எதிலும் விருப்பமில்லை, தூக்கம் வரவில்லை அல்லது எந்நேரமும் தூக்கம், இது இரண்டு கிழமைக்கு மேல் நீடிக்கிறது என்றால் பழக்கத்தைத் தோண்டிக்கொண்டிருக்காதீர்கள். வைத்தியரிடம் போங்கள். களைப்புக்குக் காரணம் இரத்தசோகையாக இருக்கலாம், தைரொயிட்டாக இருக்கலாம், சீனி வருத்தமாக இருக்கலாம், இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மனம் பாரமாக இருந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுத்துப் பேசலாம். போரிலும் 2004 கடல்கோளிலும் ஆட்களை இழந்த வீடுகள் இந்த ஊரில் நிறைய. துயரத்தில் இருப்பவரிடம் விடிய எழும்பி நடக்கச் சொல்லாதீர்கள், பக்கத்தில் இருங்கள்.

பிடித்துவிட்டது, இனி எப்போது கூட்டுவது?

செய்யாத நாளில்தான் ஏதோ குறைவதாகத் தோன்றுகிறது என்றால் பழக்கம் பிடித்துவிட்டது. அப்போதும் உடனே இரட்டிப்பாக்காதீர்கள். ஒரு பக்கம் வாசித்தவர் இரண்டு பக்கம், பத்து நிமிடம் நடந்தவர் பன்னிரண்டு. கூட்டிய பிறகு இரண்டு கிழமைக்குள் மூன்று நாளுக்கு மேல் தவறினால் பழைய அளவுக்கு இறங்கி, ஒரு மாதம் அங்கேயே நில்லுங்கள். மற்றப் பழக்கங்களை எழுதி ஒருபக்கம் வைத்த அந்தக் கடதாசியை அதற்குப் பிறகு எடுக்கலாம். அதிலும் ஒன்றை மட்டும்.